டயர் எழுப்பும் ஓசை

திரைப்படத்தில் கதாநாயகனின் கார் வளைவில் 'கிரீச்' என்று கத்தினால் கைதட்டுகிறோம். அது வீரத்தின் முழக்கமன்று. ஓர் எச்சரிக்கை என்பதே என் கருத்து. ரப்பர் சாலையைப் பற்றி, நழுவி, மீண்டும் பற்றி அதிர்வதால் பிறக்கும் ஒலி அது. 'என் பிடிப்பு எல்லையை நெருங்கிவிட்டது' என்று டயர் சொல்கிறது.

நேர்ச்சாலையில் கேட்கும் 'உம்' என்ற இரைச்சல் வேறு. டயரின் பள்ளங்களில் அகப்பட்ட காற்றும், ரப்பர் கட்டிகள் தரையில் மோதுவதும் அதை எழுப்புகின்றன. அது குறைந்தால் பிடிப்பு கூடியது என்று பொருளில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2012 முதல் டயர்களுக்கு வழங்கும் தரச்சீட்டில் இரைச்சலுக்கு ஓர் இடம், ஈரச்சாலைப் பிடிப்புக்கு வேறோர் இடம்!

நான் அஞ்சுவது கத்தாத டயரைத்தான். காய்ந்த சாலையில் மொட்டை டயரும் ஓரளவு பிடிக்கும். பந்தயக் கார்களுக்குப் பள்ளமே இல்லாத டயர் போடுவதுண்டல்லவா? கோடை முழுவதும் ஒழுங்காக ஓடியதே என்று அதே டயரோடு ஐப்பசி மழையில் விரைகிறார்கள். தேங்கிய நீரை வெளியேற்றப் பள்ளம் இல்லை. டயருக்கும் தாருக்கும் இடையே நீர் புகுந்து வண்டியைத் தூக்கிவிடுகிறது. உராய்வே இல்லாதபோது ஓசை எங்கிருந்து வரும்? ஸ்டீயரிங் இலேசாகும், அவ்வளவுதான். அப்போது பிரேக்கை ஓங்கி மிதிப்பதில் பயனில்லை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருக்க வேண்டும்.

காரின் டயர்ப் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்பது நம் நாட்டு விதி. நம்மை ஏற்றி வரும் வாடகை வேன்களின் டயர்களை, மழைக்கு முன் நண்பர்கள் ஒருமுறை குனிந்து பார்க்கட்டும்.