விலை பேசுவோர் கேள்விக்கு அஞ்சுவது ஏன்?

புனே நகரின் கிழக்கே ஹடப்சரில், கரும்பும் காய்கறியும் விளைந்த சுமார் 400 ஏக்கர் நிலத்தில் மகர்பட்டா நகரம் எழுந்து நிற்கிறது. நிலம் கைவிட்டுப் போய்விடும் என்று அஞ்சிய 120 உழவர் குடும்பங்கள் நிலத்தை ஒன்றுசேர்த்து நிறுவனம் கண்டன. கொடுத்த நிலத்தின் அளவுக்கேற்பப் பங்குகளைப் பெற்றன. "உழவரே முதலாளி ஆகலாம், போராட்டம் எதற்கு?" என்று முதலாளித்துவ ஏடுகள் இதனைக் கொண்டாடுகின்றன.

அந்தக் கணக்கில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது. நிலத்துக்குத்தான் பங்கு. நிலமின்றி உழைத்தவருக்கு அதில் இடமேது? பெருநகரின் விளிம்பில், விலையேறும் நிலத்தை வைத்திருந்தோருக்கு வாய்த்த வழி, நாட்டின் உழவர் அனைவருக்குமான வழி ஆகாது.

சான்று தொலைவில் இல்லை. ஹடப்சரிலிருந்து சாஸ்வட் சாலையில் சென்றால் புரந்தர் வட்டம். அங்கே விமான நிலையத்துக்காக ஏழு கிராமங்களின் நிலம் குறிவைக்கப்பட்டுள்ளது. 2025 மே மாதம் டிரோன் அளவீட்டை எதிர்த்து நின்ற உழவர்கள் மீது போலீஸ் தடியடி நடத்தியது. அவர்களிடம் பங்குப் பத்திரத்தை எவரும் நீட்டவில்லை.

இங்கே அரசு கையில் எடுத்த கருவி, 1961ஆம் ஆண்டின் மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிச் சட்டம். ஏன் 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம் அல்ல? அச்சட்டம் சமூகத் தாக்க மதிப்பீட்டைக் கோருகிறது. திட்டம் உண்மையில் பொதுநோக்கம் உடையதுதானா என்று கேட்கிறது. தனியார் நிறுவனத்துக்காக எனில் 80 விழுக்காட்டினர், அரசு-தனியார் கூட்டுத் திட்டம் எனில் 70 விழுக்காட்டினர் இசைவு வேண்டும் என்கிறது. குத்தகைதாரரையும் விவசாயத் தொழிலாளரையும் பாதிக்கப்பட்ட குடும்பங்களாக ஏற்கிறது.

இந்தக் கேள்விகளிலிருந்து தப்பிக்கவே மாநில அரசுகள் 105அ என்னும் பிரிவைப் புகுத்தின. தமிழகத்தில் 2014இல் அ.தி.மு.க. அரசு, மகாராஷ்டிரத்தில் 2018இல் பா.ஜ.க. தலைமையிலான அரசு. இழப்பீட்டு விதிகளை ஏற்றுக்கொண்டு, மதிப்பீட்டையும் இசைவையும் கழற்றிவிட்டனர். விலை தருவார்களாம், கேள்வி மட்டும் கூடாதாம்! தமிழகத்தில் ஆட்சி மாறியது, வழி மாறவில்லை. ஏகனாபுரம் மக்கள் ஆண்டுக்கணக்கில் எதிர்த்துவரும் பரந்தூர் விமான நிலையத்துக்கும் 1997ஆம் ஆண்டின் தொழில் நோக்கங்களுக்கான சட்டமே பயன்படுத்தப்படுகிறது.

இது புதிய சூழ்ச்சியும் அல்ல. 1921இல் இதே புனே மாவட்டத்தின் முல்ஷியில், டாட்டாவின் அணைக்கு எதிராக சேனாபதி பாபட் தலைமையில் உழவர்கள் சத்தியாகிரகம் செய்தனர். அன்றும் தனியார் இலாபத்துக்குப் பொதுநலன் என்றே பெயர்.

தோழர்களே, நாம் தனியுடைமையின் காவலர்கள் அல்லர். உச்சவரம்புக்கு மேற்பட்ட நிலத்தை எடுத்து நிலமற்றோருக்குக் கொடு என்று போராடியவர்கள் நாம். அதுவும் அரசு நிலத்தை எடுப்பதுதான். ஆகவே அரசுக்கு அந்த அதிகாரம் உண்டா என்பதன்று நம் கேள்வி. யாரிடமிருந்து, யாருக்காக என்பதே கேள்வி. மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் நிலம் வேண்டும். அதையும் ஊர்மக்கள் முன் வைத்து மெய்ப்பிக்க அரசு கடமைப்பட்டது.

105அ பிரிவை இரு மாநிலங்களிலும் நீக்கு! மதிப்பீடும் இசைவும் இன்றி ஓர் அடி நிலமும் எடுக்காதே! நிலமற்ற தொழிலாளிக்கும் மறுவாழ்வு உறுதிசெய்! இம்முழக்கங்களை ஒவ்வொரு கிராமசபைக்கும் கொண்டுசெல்வோம்.