விபிஎன் கேட்கும் வீடு

திருப்பூரில் கணினி வேலைக்கான நேர்காணல்களில் இப்போது ஒரு கேள்வி சாதாரணமாகிவிட்டது: "வீட்டில் பிராட்பேண்ட் இருக்கிறதா? உட்கார்ந்து வேலை செய்யத் தனி அறை இருக்கிறதா?" சாதிக்குச் சம்பந்தமே இல்லாத கேள்வி போலத் தோன்றும். ஆனால் நம் ஊரில் வீட்டைப் பற்றிக் கேட்பது சாதியைப் பற்றிக் கேட்பதுதான்.

விபிஎன் என்பது வீட்டுக் கணினிக்கும் அலுவலக சர்வருக்கும் நடுவே போடப்படும் பூட்டிய குழாய். பையரின் ஆர்டர், விலை விவரம், சம்பளக் கணக்கு எல்லாம் குறியாக்கம் செய்யப்பட்டு அதற்குள் போகின்றன. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் சிக்னல் விட்டுவிட்டு வந்தால் இணைப்பு அறுந்துபோகும். மறுபடி கடவுச்சொல், ஓடிபி. ஆகவே கம்பி வழி வரும் இணைப்பைக் கேட்பதில் தொழில்நுட்ப நியாயம் இருக்கிறது. ஆனால் கம்பி வந்து சேர ஒரு வீடு வேண்டுமே!

பனியன் கம்பெனி வேலைக்கு வருகிற பலர் லைன் வீடுகளில் தங்குகிறார்கள். ஒரே அறையில் முழுக் குடும்பம். சுவரில் துளை போட்டு ஃபைபர் இழுக்க வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும். அதற்கும் முன்னால், வாடகைக்குக் கேட்கும்போதே வரும் "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வியைத் தாண்ட வேண்டும். அதில் திருப்பி அனுப்பப்படும் தலித் பட்டதாரி ஊருக்கு வெளியே இருக்கும் காலனிக்குத்தான் போக முடியும். "அங்க ரெண்டு கனெக்‌ஷனுக்காக லைன் இழுக்க முடியாது" என்று கேபிள்காரர் சொல்லிவிட்டால் வேலையும் போயிற்று.

1917இல் பரோடா சமஸ்தானத்தில் பணிக்குச் சேர்ந்த அம்பேத்கருக்கு நடந்ததை நினைத்துப் பாருங்கள். பார்சிப் பெயரில் தங்கியிருந்த விடுதியிலிருந்து அவர் விரட்டப்பட்டார். அந்த நகரத்தில் வேறு வீடு கிடைக்கவில்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தவர் வேலையை விட்டுவிட்டு பம்பாய் திரும்பினார். படிப்பு இருந்தது, பதவி இருந்தது, வீடு இல்லை.

வீட்டிலிருந்து வேலை திருப்பூருக்குப் புதிதும் அல்ல. பிசிறு வெட்டும் பெண்கள் துணி மூட்டையை வீட்டுக்கு எடுத்துவந்து பீஸ் ரேட்டுக்கு வேலை செய்கிறார்கள். இடம், வெளிச்சம், மின்சாரம் எல்லாம் அவர்கள் செலவு. வீட்டில் வேலை செய்பவரை மற்ற தொழிலாளர்களுக்குச் சமமாக நடத்தச் சொல்லும் 177ஆவது உடன்படிக்கையை சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இல் நிறைவேற்றியது. இந்தியா அதை ஏற்கவில்லை. ஆனால் 2020 நவம்பரில், கால் சென்டர் போன்ற நிறுவனங்களுக்கான விதிகளை மத்தியத் தொலைத்தொடர்புத் துறை தளர்த்தியபோது, வீட்டிலிருக்கும் ஊழியரின் இருக்கையை அலுவலகத்தின் நீட்சியாகவே கருதியது. வீடு அலுவலகத்தின் நீட்சி என்றால், அதன் செலவு மட்டும் ஏன் ஊழியரின் தலையில்?

வீட்டு வேலையே வேண்டாம் என்பதல்ல நம் வாதம். குழந்தையை விட்டு வெளியே போக முடியாத பெண்ணுக்கு அது வழி திறக்கிறது. அலுவலகத்தில் சாதியை மோப்பம் பிடிக்கும் பேச்சிலிருந்து தலித் ஊழியருக்குக் கொஞ்சம் விடுதலையும் தருகிறது. யாருக்கு அதிகம் பயன்பட வேண்டுமோ அவர்களையே வாசலில் நிறுத்துகிறது என்பதுதான் பிரச்சினை.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை. வேலைக்கு எடுக்கும் முன் வீட்டைப் பற்றிக் கேட்கக் கூடாது. இணைப்பு, கணினி, பேட்டரி ஆகியவற்றின் செலவைக் கம்பெனி ஏற்க வேண்டும். லைன் அறுந்த நேரத்துக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது. வீட்டில் இடமில்லாதவர் உட்கார்ந்து வேலை செய்ய, காலனிக்குப் பக்கத்திலேயே அரசு நூலகத்தில் ஃபைபர் இணைப்போடு மேசைகள் வேண்டும். பிசிறு வெட்டும் பெண்ணுக்கும் இதே சட்டப் பாதுகாப்பு வேண்டும். அவரை விட்டுவிட்டுக் கணினி முன்னால் இருப்பவருக்கு மட்டும் கேட்டால், அதுவும் இன்னொரு படிநிலைதான்.