‘வருகிறேன்’ என்பதற்குப் ‘போகிறேன்’

2004 ஆம் ஆண்டு ஆரம்பமான வேலை அனுமதி முறையின் கீழ் தென்கொரியாவுக்குத் தொழில் தேடிச் செல்லும் இலங்கை இளைஞர்கள், கொரிய மொழிப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். இதற்காகச் சொற்பட்டியலை மனனம் செய்வோர் பலர். ‘கதா’ என்றால் போதல், ‘ஒதா’ என்றால் வருதல். அத்துடன் பாடம் முடிந்துவிடுகிறது. ஆனால், மொழி அத்துடன் முடிவதில்லை.

தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் ‘இங்கே வா’ என்று அழைக்கிறார் என வைத்துக்கொள்வோம். தமிழர் ‘இதோ வருகிறேன்’ என்போம். கேட்பவரை நோக்கிய நகர்வு நமக்கு ‘வருதல்’. கொரியரோ ‘சிகும் கயோ’ என்பார். ‘இப்போது போகிறேன்’ என்பதே அதன் நேர்ப்பொருள். பேசுபவர் தாம் நிற்கும் இடத்தை விட்டு நகர்வதால் அது அவர்களுக்குப் ‘போதல்’. பட்டியலை நம்பியவர் ‘வயோ’ என்று விடையளித்துத் தடுமாறுவார்.

வேறோர் இடத்தில் அம்மொழி நமக்கு மிக நெருங்கி வருகிறது. வீட்டிலிருந்து புறப்படும் கொரியர் ‘தன்யோ ஒகெஸ்ஸும்னிதா’ என்பார். சென்று திரும்பி வருவேன் என்பதே பொருள். யாழ்ப்பாணத்தில் ‘போட்டு வாறன்’ என்று சொல்லிப் படலை திறப்பவருக்கு இதை விளக்கவும் வேண்டுமா? நடந்து போதல், ஓடி வருதல், கொண்டு போதல், கொண்டு வருதல் என வினையோடு வினை சேரும் முறையும், வினை இறுதியில் நிற்கும் வாக்கிய அமைப்பும் இரு மொழிகளுக்கும் பொதுவானவை.

இவ்வொற்றுமைகளைக் கண்டதும் கொரிய மொழி தமிழின் பிள்ளை என்று முழங்குவோர் உளர். ஹோமர் ஹல்பெர்ட் 1905 இல் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கண நூல் எழுதினார். எனினும், அவ்வுறவை இன்றைய மொழியியலாளர் ஏற்பதில்லை. அமைப்பில் ஒத்திருப்பது வேறு, வழித்தோன்றலாக இருப்பது வேறு.

அந்தப் பெருமிதத்தால் எவருக்கும் தொழில் கிடைக்கப்போவதில்லை. ஒற்றுமை எங்கே உதவும், எங்கே ஏமாற்றும் என்பதைத் தமிழிலேயே விளக்கும் பாடநூல்களே இன்றைய தேவை. கடன்பட்டுக் கடல் கடக்கும் இளைஞனுக்கு மேற்பார்வையாளரின் சொல் பிழையின்றி விளங்க வேண்டும். இயந்திரங்களுக்கு நடுவே ‘போ’, ‘வா’ என்பன வெறும் இலக்கணமல்ல. அவனது பாதுகாப்பும் அவற்றில் தங்கியிருக்கிறது.