முத்துக்கடலைப் படித்தவர்கள் யார்?

தூத்துக்குடி முத்துக்குளிப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். பரதவர்கள் காலங்காலமாக மூச்சடக்கிச் சிப்பி அள்ளினார்களாம். அந்த உயிரைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாதாம். ஆங்கிலேய அறிஞர்கள் வந்த பிறகே அந்தத் தொழில் அறிவியல் ஆயிற்றாம். கதையின் நாயகராக நிறுத்தப்படுபவர் ஜேம்ஸ் ஹார்னெல். அவர்மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. அவர் எழுதியதைப் படித்தவர்கள் இந்தக் கதையை ஒப்ப மாட்டார்கள்.

ஹார்னெலைப் பல்கலைக்கழக மேதையாகக் காட்டுவதே முதல் தவறு. 1865இல் பிறந்த அவர் விக்டோரியா காலத்து வியாபாரி. ஜெர்சி தீவில் மாமனார் ஜோசப் சைனலோடு ஒரு கடலுயிர் நிலையம் நடத்தினார். பிடித்த உயிர்களைப் பதப்படுத்தினார். நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பதற்கான கண்ணாடித் தகடுகளாக்கி விற்றார். அதையொட்டி 1893 முதல் ஓர் இதழும் கொண்டுவந்தார். வாங்குகிறவரிடம் கெடாத சரக்கைக் கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயமே அவருக்குக் கண்ணையும் கையையும் பழக்கியது. 1902இல் லிவர்பூல் பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மன் இலங்கையின் முத்துப் பார்களை, அதாவது முத்துச் சிப்பி வாழும் கடலடித் திட்டுகளை, ஆராய வந்தபோது உதவியாளராக உடன் வந்தவர் ஹார்னெல். பேராசிரியர் சில மாதங்களில் ஊர் திரும்பினார். கடலிலேயே தங்கி வேலையைத் தொடர்ந்தவர் ஹார்னெல். பிறகு சென்னை மாகாண மீன்வளத் துறையில் சேர்ந்து, தூத்துக்குடியின் முத்து, சங்குத் தொழில்களைக் கவனித்து, கடைசியில் அத்துறையின் இயக்குநரானார்.

முத்து உருவாகும் விதத்தைக் கண்டுபிடித்ததே ஹெர்ட்மனும் ஹார்னெலும் இலங்கையில் செய்த ஆய்வுதான் என்றும் சொல்கிறார்கள். 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக வந்த ஹெர்ட்மன் அறிக்கை, சிப்பிக்குள் புகும் நாடாப்புழுவின் இளம் உயிரியே நல்ல முத்துக்குக் காரணம் என்றது. அந்த முடிவு நிலைக்கவில்லை. சிப்பியின் மேலுறைத் திசுவில் ஒரு துண்டை மணியோடு சேர்த்து உள்ளே வைத்தால், புழுவே இல்லாமல் உருண்டை முத்து விளையும் என்று ஜப்பானியர் செய்து காட்டினார்கள். அவர்களில் மிசே ஒரு தச்சர். அதற்கு முன்பே, 1893இல், அரை முத்து விளைவித்த மிகிமோட்டோ ஓர் உடோன் கடைக்காரரின் மகன். நம் நாட்டில் 1973இல் தூத்துக்குடிக்கு அருகே வேப்பலோடையில் விஞ்ஞானி கே. அழகர்சாமி முதல் வளர்ப்பு முத்தை எடுத்ததும் இதே திசு முறையில்தான்.

குளியாட்கள் பேராசையால் பார்களைக் காலி செய்தார்கள் என்ற பழியைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். முத்துக்குளிப்பு அரசின் அனுமதியோடு நடந்த தொழில். எந்தப் பாரில், எத்தனை நாள், எத்தனை படகு என்பதெல்லாம் அரசின் முடிவு. 1928க்குப் பிறகு 1955 வரை இந்தக் கரையில் குளிப்பே இல்லை. 1961க்குப் பிறகு இன்றுவரை இல்லை. யாரும் தொடாத அந்த நீண்ட இடைவெளிகளில் பார்கள் நிரம்பி வழிந்திருக்க வேண்டுமே! மணல் மூடுவதும், நீரோட்டம் குஞ்சுச் சிப்பிகளை அடித்துப் போவதும், மீன்கள் தின்பதும் மனிதக் கைக்கு அப்பாற்பட்டவை. இலங்கையில் அறிவியல் துணையோடு 1906இல் ஒரு லண்டன் கம்பெனி 20 ஆண்டுக் குத்தகை எடுத்தது. 1907க்குப் பிறகு அதற்கு ஒரு குளிப்புகூடக் கிடைக்கவில்லை.

இனி, குளியாட்களுக்கு ஒன்றும் தெரியாது என்பதற்கு வருவோம். இந்தக் கடலின் தொலையாயிரம் பார் போன்ற இடங்களை அரசு ஆண்டுதோறும் சோதித்தது. சோதனைப் படகிலிருந்து இறங்கியவர் யார்? காலைக் கல்லில் வைத்து, ஏழெட்டுப் பாகம் ஆழத்துக்குப் போய், ஒரு நிமிட மூச்சுக்குள் தரை பாறையா மணலா, சிப்பி குஞ்சா முற்றியதா, நெருக்கமா அருகலா என்று பார்த்து வந்தவர் குளியாள். அவர் கொண்டுவந்த சிப்பியையும் சொன்ன சேதியையும் வைத்தே அதிகாரியின் அறிக்கை எழுதப்பட்டது. கடலடியைத் தன் கண்ணால் கண்டவர் அவரே.

முத்துச் சிப்பி மட்டுமல்ல, இதே குளியாட்கள் எடுத்த சங்கையும் பாருங்கள். மன்னார் வளைகுடாச் சங்கைத் தொழிலில் ‘ஜாதி’ என்பார்கள், பாக் நீரிணைப் பக்கத்துச் சங்கை ‘பட்டி’ என்பார்கள். இரண்டும் ஒரே இனம். ஆனாலும் வடிவம் வேறு, வங்காளத்தில் வளையல் அறுப்பவர்கள் கொடுக்கும் விலையும் வேறு. குளியாட்களும் வியாபாரிகளும் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தே எந்தக் கடல் சங்கு என்று சொல்லிவிடுவார்கள். இந்த வகைப் பிரிப்பை ஹார்னெல் ஒதுக்கித் தள்ளவில்லை. 1914இல் வெளிவந்த சங்கு பற்றிய தம் நூலில் வியாபாரிகளின் பேச்சையும் வழக்கத்தையும் விரிவாகப் பதிவு செய்தார். கொற்கையில் அறுத்த சங்குத் துண்டுகளைத் தேடிக் கண்டு, அந்தத் தொழிலின் பழமையையும் காட்டினார். சங்கின் உள்வகைகளுக்கு அவர் வைத்த ‘அக்யூட்டா’, ‘ஆப்டியூசா’ என்ற லத்தீன் பெயர்கள் ஜாதிக்கும் பட்டிக்கும் உரியவை. தாமே சரக்கு விற்றுப் பிழைத்தவர் என்பதால்தான் சரக்கை அறிந்தவர்களின் சொல்லை அவர் காது கொடுத்துக் கேட்டார் என்று நான் நம்புகிறேன்.

சங்கின் வகைகளைப் பிரித்தவர் ஹார்னெல் என்று பாடநூலிலோ அருங்காட்சியக அட்டையிலோ எழுதுகிறவர்கள் அந்த வரியிலேயே இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: அவருக்கு முன்பே அவற்றைப் பிரித்து வைத்திருந்தவர்கள் இந்தக் கரையின் குளியாட்களும் சங்கு வியாபாரிகளும்.