சூதிலும் ஓர் ஒழுங்காம்!

சூதாட்டத்தில் கட்டுப்பாடு உண்டாம்; நிதானம் உண்டாம்; கைம்முதலைக் காக்கும் வகையும் உண்டாம். ரூலெட் எனும் சுழல்வட்டில் பணம் வைப்பவன் எந்த அளவில் தொடங்கி எந்த அளவில் எழ வேண்டும் என்று பாடம் சொல்லுவோர் பெருகிவிட்டனர். கைபேசி இருக்கும் இடமெல்லாம் அப்பாடம் செல்லும், லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் என்ற வேறுபாடு அதற்கில்லை. வளைகுடாவில் வெயில் தின்று தந்தை அனுப்பும் பணம் மகன் கையில் இருக்கும் ஊர்கள் அவை. பாடம் கேட்பவன் தன்னைச் சூதாடி என்று கருதுவதில்லை. கணக்கறிந்தவன் என்று கருதிக்கொள்கிறான். நம் வழக்கு அந்த எண்ணத்தோடுதான்.

கணக்கையே பார்ப்போமே! ஐரோப்பிய வட்டில் 0 முதல் 36 வரை 37 அறைகள். ஓர் எண்ணில் வைத்து வென்றவனுக்கு இலாபம் 35 மடங்கு. நியாயப்படி 36 மடங்கு வந்திருக்க வேண்டும். அந்த ஒரு மடங்கின்மேல்தான் ஆட்டம் நடத்துவோனின் மாளிகை நிற்கிறது. நூறு ரூபாய்க்குச் சராசரி 2 ரூபாய் 70 காசு அவனுக்கு. அமெரிக்க வட்டில் இன்னொரு சுழி கூடுவதால் 5 ரூபாய் 26 காசு.

'தோற்றால் இரட்டித்து வை' என்பது இவர்களுடைய தலையாய உபாயம். சிவப்பின்மேல் 10 ரூபாயில் தொடங்கி 20, 40 என்று இரட்டிப்பவன், எப்போது வென்றாலும் 10 ரூபாய் இலாபத்தோடு எழுவான். உண்மைதான். தொடர்ந்து பத்து முறை தோற்றாலோ போனது 10,230 ரூபாய். அடுத்ததற்கு 10,240 வேண்டும். அவ்வாறு பத்தும் தோற்பது ஏறத்தாழ 784 தடவைக்கு ஒரு தடவை. மற்ற 783 தடவையும் வென்று சேர்த்தது 7,830. மீதியை மக்தபில் ஓதும் பிள்ளையே சொல்லிவிடும். அளவைக் குறைத்து வைத்தால்? மெதுவாகத் தோற்பான், அவ்வளவே. வட்டுக்கு நினைவு கிடையாது. முன்பெல்லாம் கறுப்பு விழுந்ததே என்று அது சிவப்புக்கு இரங்காது.

மாண்டவி ஆற்றுக் கப்பல்களில் சூதாட்டத்துக்கு உரிமம் தரும் கோவா அரசு, தன் மாநில மக்கள் அங்கே ஆடுவதற்கு 2020 பிப்ரவரி முதல் தடை போட்டது. விற்பவனுக்குத் தெரியாதா சரக்கின் தன்மை!

பெரம்பலூரில் சின்ன வெங்காயம் பயிரிடுவதும் சூதுதானே என்று ஒரு வாதம். மழை பொய்க்கலாம், விலை சரியலாம், மறுக்கவில்லை. ஆயினும் மண் எவனிடமும் தரகு கேட்பதில்லை. விளைந்தால் முன்பு இல்லாத ஒன்று உலகுக்கு வருகிறது. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சிமெண்டாகிறது. வட்டு எதை விளைவித்தது? ஒருவன் இழந்ததே மற்றவன் பெற்றது.

'சிறிது பயனும் உண்டே' என்பர். உண்டென்று திருமறையே ஒப்புகிறது. அல்பகராவின் 219ஆம் வசனம் பயனையும் பாவத்தையும் நிறுத்துப் பார்த்துப் பாவமே பெரிதென்று தீர்க்கிறது. அறியாமைக் கால அரபியர் அம்புகளால் குலுக்கி ஒட்டக இறைச்சிக்குப் பந்தயம் ஆடினர். வென்ற பங்கை ஏழைகளுக்கு ஈந்து பெருமை கொண்டனர். அந்த வள்ளன்மை இருந்தும் அல்மாயிதாவின் 90ஆம் வசனம் அதை ஷைத்தானின் செயல் என்றது. 1968இல் தமிழக அரசு பரிசுச்சீட்டைத் தொடங்கியபோது எழுந்ததும் இதே வாதமன்றோ? பரிசு விழாவிட்டால் பணம் நாட்டுக்காம்! 2003இல் அந்த நாட்டுத்தொண்டைத் தடை செய்ய நேர்ந்தது. பின்னர் அது மூன்று எண் லாட்டரியாகத் துண்டுச்சீட்டில் மறைந்து திரிந்தது. 2025 ஆகஸ்டில் நடுவண் அரசு இணையப் பணவிளையாட்டுகளைச் சட்டத்தால் தடுத்தது. சட்டம் கடையை மூடலாம். கணக்கறிந்தவன் என்ற செருக்கை மூடுமா?

நம் மிம்பர்களையும் சொல்லியாக வேண்டும். 'ஹராம்' என்ற ஒரு சொல்லோடு அங்கே பேச்சு முடிந்துவிடுகிறது. சொல் சரியானதே. ஆனால் 'நான் கணக்கோடு ஆடுகிறேன்' என்பவனிடம் 37க்கும் 36க்கும் உள்ள வேறுபாட்டை யார் எடுத்துக் காட்டுவது?

'வா, சூதாடுவோம்' என்று தோழனை அழைத்தவர் அதற்காகத் தருமம் செய்யட்டும் என்றார்கள் நபிகள் நாயகம் (ஸல்). ஆடியவரை அன்று, வெறுமனே அழைத்தவரை! அழைப்பதையே பாடமாக்கிக் கட்டணமும் வாங்குவோர் எவ்வளவு தருமம் செய்ய வேண்டியிருக்கும் என்று, கைம்முதல் காக்கக் கற்பிக்கும் அந்த ஆசான்களே கணக்கிட்டுச் சொல்லட்டும்.