பேத்தி எழுதும் பதிவேடு

போன மாதம் மகன் வீட்டில் ஒரு சின்னச் சச்சரவு. பேத்தி பிரான்சில் லியோன் நகரத்தில் மேல்படிப்புப் படிக்கிறாள். படிப்பின் ஒரு பகுதியாக ஆறு மாதம் எங்காவது வேலை பழக வேண்டும். பிரெஞ்சில் இதை 'ஸ்தாஜ்' என்பார்கள். கூடப் படிக்கிறவர்கள் பேங்க், மருந்துக் கம்பெனி என்று போக, இவள் கண்ணிவெடி ஒழிப்புக்காகப் பாடுபடும் ஓர் அமைப்பில் ஆய்வு, வெளியீட்டுப் பிரிவில் சேர்ந்துவிட்டாள்.

"நாலு மாசமா பேப்பர் படிச்சுக் கணக்கு எழுதறாளாம் மாமா. இதுக்கா அவ்வளவு தூரம் அனுப்பினோம்? வெடியத் தோண்டி எடுக்கறவன் வேற எவனோ. இவ எழுதறதால யாருக்கு என்ன ஆகப்போவுது?" என்றாள் மருமகள்.

அன்று நான் வாய் திறக்கவில்லை. ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கெழுதியே சாப்பிட்டவன் நான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது.

மனிதர்களுக்கு எதிரான கண்ணிவெடிகளைத் தடை செய்யும் ஒப்பந்தம் 1997 டிசம்பரில் கனடாவின் ஒட்டாவா நகரத்தில் கையெழுத்தானது. அதற்காக உழைத்த பன்னாட்டு இயக்கத்துக்கும், அதை ஒருங்கிணைத்த ஜோடி வில்லியம்ஸ் அம்மையாருக்கும் அந்த ஆண்டு நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. 160-க்கு மேற்பட்ட நாடுகள் அதில் உறுப்பினர்கள். இலங்கை 2017-இல் சேர்ந்தது. இந்தியா இன்றுவரை சேரவில்லை.

சேர்ந்த நாடு தன் கையிருப்பு வெடிகளை 4 ஆண்டுக்குள் அழிக்க வேண்டும். புதைத்தவற்றை 10 ஆண்டுக்குள் அகற்ற வேண்டும். முடியாவிட்டால் அவகாசம் கேட்கலாம். ஆண்டுதோறும் ஏப்ரல் 30-க்குள் அறிக்கை தர வேண்டும். ஆனால் நாடு நாடாகப் போய்ச் சோதிக்கத் தனி இன்ஸ்பெக்டர் படை கிடையாது. அரசாங்கம் எழுதிக் கொடுப்பதை யார் சரிபார்ப்பது? அந்த இயக்கத்தினரே 1999 முதல் ஆண்டுதோறும் ஓர் அறிக்கை வெளியிட்டு வருகிறார்கள். எந்த நாடு என்ன சொன்னது, என்ன செய்தது, எத்தனை பேர் செத்தார்கள், எத்தனை பேருக்குக் கால் போனது, எல்லாம் அதில் இருக்கும். 2023-இல் மட்டும் உலகம் முழுவதும் இறந்தவர்களும் காயம்பட்டவர்களுமாக 5,757 பேர். அதில் மியான்மர் ஒரு நாட்டில் மட்டும் 1,003 பேர். விவரம் தெரிந்தவர்களில் நூற்றுக்கு 84 பேர் சாதாரணக் குடிமக்கள்.

இந்த 5,757 எப்படி வருகிறது என்று யாரும் யோசிப்பதில்லை. பேத்தி போனில் சொன்ன ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு கிராமத்தில் வெடி வெடித்து இரண்டு விவசாயிகள் இறந்ததாக ஒரு செய்தி. மூன்று நாள் கழித்து வேறொரு செய்தியில், ஊர்ப் பெயர் கொஞ்சம் மாறி, மூன்று பேருக்கு அடிபட்டதாக இருக்கிறது. இது ஒரே சம்பவமா, இரண்டு சம்பவமா? இரண்டென்று எடுத்தால் ஐந்து பேர். ஒன்றென்று எடுத்தால் இரண்டா, மூன்றா? "இந்த ஒரு வரிக்கு ரெண்டு நாள் ஆச்சு தாத்தா" என்றாள்.

கேட்டதும் எனக்குப் பழைய ஞாபகம் ஒன்று வந்தது. எங்கள் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரன் காலத்துப் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவேடுகளை 'எத்தா சிவில்' என்போம். பிரெஞ்சு படித்தவன் என்பதால் பழைய ஏடுகளைப் பார்த்து நகல் எழுதும் வேலை சில வருஷம் என்னிடம் இருந்தது. ஒரு சொல்தாவின் விதவை, பென்ஷனுக்காகத் திருமணப் பதிவின் நகல் கேட்டு வந்தார். 'ழுய்யே' என்று இருந்த மாதத்தை நான் 'ழுவேன்' என்று எழுதிவிட்டேன். ஜூலை ஜூன் ஆயிற்று, அவ்வளவுதான். காகிதம் பிரான்சு வரை போய்த் திரும்பி வந்தது. பத்து மாதம் அந்த அம்மாளுக்குப் பணம் வரவில்லை. இரண்டு வளையலும் அடகுக்கடைக்குப் போனதை அவரே சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு எந்த வரியையும் ஒரு தடவை மட்டும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டதில்லை.

மருமகளுக்கு என் பதில் இதுதான். காகிதத்தில் இல்லாத ஆளுக்கு எந்த அரசாங்கமும் எதுவும் செய்யாது. வெடியில் கால் போனவன் கணக்கில் வந்தால்தான் அவன் ஊருக்குச் செயற்கைக்கால் வரும், வெடி எடுக்கும் ஆட்கள் வருவார்கள், அதற்குப் பணமும் ஒதுக்குவார்கள். கணக்கு கூடினாலும் தப்புதான். ஓர் எண் பொய்யென்று தெரிந்துவிட்டால், 'எல்லாமே பொய்' என்று ஒதுக்கிவிடக் காத்திருக்கிற அரசாங்கங்கள் பல.

'ஒப்பந்தமே ஆட்டம் காணுதே' என்பார்கள். உண்மைதான். ரஷ்யாவுக்குப் பயந்து லித்துவேனியா, லாட்வியா, எஸ்டோனியா, பின்லாந்து, போலந்து என்று ஐந்து நாடுகள் விலகுவதாக 2025-இல் எழுதிக் கொடுத்துவிட்டன. அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் வெடிக்கு அதை மிதிப்பது படைவீரனா, மாடு மேய்க்கிற பையனா என்று தெரியாது. சண்டை முடிந்த பிறகும் அது மண்ணுக்குள் காத்திருக்கும். நாடுகள் விலகும் காலத்தில்தான் பதிவேடு இன்னும் கவனமாக எழுதப்பட வேண்டும்.

அமைப்புகளுக்கும் இரண்டு வார்த்தை. பிரான்சில் இரண்டு மாதத்துக்கு மேல் ஸ்தாஜ் என்றால் உதவித்தொகை கொடுத்தாக வேண்டும், சட்டம். எல்லா நாட்டிலும் அப்படி இல்லை. சம்பளமில்லாமல் பழகு என்றால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள்தான் வரமுடியும். கண்ணிவெடி புதைந்த நாட்டிலிருந்து ஒரு பிள்ளை எப்படி வந்து அங்கே உட்காரும்? இன்னொன்று, நாள் முழுக்கச் சாவுச் செய்தி படிக்கிற இருபத்து மூன்று வயதுப் பிள்ளை பக்கத்தில் அனுபவப்பட்ட ஒருவர் உட்கார வேண்டும். பேத்திக்கு முதல் மாதம் சரியாகத் தூக்கம் வரவில்லை என்று பிறகுதான் சொன்னாள்.

போன ஞாயிற்றுக்கிழமை கேட்டேன், "அந்த வரி என்னம்மா ஆச்சு?"

"ஒரே சம்பவம்தான் தாத்தா. மூணு பேர். மூணாவது ஒரு சின்னப் பையன், வேற ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க. அதான் முதல் செய்தியில வரல. உயிரோட இருக்கான்."

மருமகளும் பக்கத்தில்தான் இருந்தாள். "பையனுக்கு எத்தனை வயசாம்?" என்று கேட்டாள்.

ஒன்பது என்றாள் பேத்தி. அதையும் எழுதியிருக்கிறாளாம்.