ஊதா விளக்கு என்னும் பிடிவாதம்

நாற்றுகளுக்குத் துணை வெளிச்சம் தர, சிவப்பும் நீலமும் கலந்த ஊதா நிற எல்.இ.டி. விளக்கே வேண்டும், வெள்ளை விளக்கிலுள்ள பச்சைக் கதிர் முழுக்க வீண் என்று ஒரு வாதம் ஓயாமல் சொல்லப்படுகிறது. பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் மட்டுமே உறிஞ்சுவதாகக் காட்டும் வரைபடம்தான் அதற்குச் சான்று. வரைபடம் பொய்யல்ல. ஆனால் அது இலையிலிருந்து பிரித்துக் கரைப்பானில் கலக்கிய பச்சையத்தின் கணக்கு. உயிருள்ள இலையின் கதை வேறு. 1972இல் மெக்ரீ என்ற ஆய்வாளர் 22 பயிர் வகைகளின் இலைகளை அளந்தபோது, பச்சை ஒளியும் ஒளிச்சேர்க்கையைக் கணிசமாக நடத்துவது தெரிந்தது. இலைக்குள் சிதறி அலையும் பச்சைக் கதிரில் பெரும்பகுதி கடைசியில் உறிஞ்சப்பட்டுவிடுகிறது. சிவப்பும் நீலமும் அதிகம் எட்டாத ஆழத்துக்கும் அது போகிறது.

வெள்ளை எல்.இ.டி. என்பதே பெரும்பாலும் நீலச் சில்லின் மேல் பாஸ்பர் பூசியதுதான். நாற்று நெடுநெடுவென்று ஓடாமல் தடுக்கும் நீலம் அதில் இருக்கவே இருக்கிறது. ஊதா வெளிச்சத்திலோ இலை கறுத்துத் தெரியும். மஞ்சளிப்பைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

சிவப்புச் சில்லு மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்பது உண்மை. பெரிய பசுமைக்குடிலுக்கு அது லாபம், நான்கு தட்டு மிளகாய் நாற்றுக்கு அல்ல.

நிறத்தைவிட அளவே முக்கியம். லுமென் மனிதக் கண்ணுக்கான அளவு, வாட் மின்செலவு; செடிக்குக் கணக்கு ஒளித்துகள்தான். இலைமேல் சதுர மீட்டருக்கு நொடிக்கு 150 மைக்ரோமோல் ஒளித்துகள் 16 மணி நேரம் விழுந்தால் நாளுக்கு 8.6 மோல் சேரும்; தக்காளி நாற்று குட்டையாகத் தடிக்க ஏறக்குறைய அவ்வளவாவது வேண்டும். விளக்கை உயர்த்தினால் இலைமேல் விழும் ஒளி குறையும்.